கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டு ஓட்டை மாற்றிப் போட்டால் தெய்வக் குற்றமா?

ஏற்காடு அடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறார். கணவருக்கு ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. தினமும் பைக்கில் மலையேறி இறங்குகிறவர். வீட்டில் மாமியார், கொழுந்தனார், இரண்டு பிள்ளைகள்.

இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ராத்திரி பத்து மணிக்கு மேல், ஒரு கட்சியின் வார்டு பொறுப்பாளர் கதவைத் தட்டியிருக்கிறார். ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டியிலும் அவர் இருக்கிறார். கையில் தட்டு, அதில் மஞ்சள் தடவிய கவர், ஓரமாக இரண்டு கட்டி கற்பூரம். நாலு ஓட்டுக்கு நாலாயிரம். மாமியார் கற்பூரத்தை ஏற்றி, அதன் மேல் கையை வைத்து, "எங்க வீட்டு நாலு ஓட்டும் உங்களுக்குத்தான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். வந்தவர் படியிறங்கும்போது, "மாத்திப் போட்டா ஆத்தா சும்மா விடமாட்டா, பாத்துக்கங்க" என்றாராம். கணவர் அன்று நைட் ஷிஃப்ட். அவருக்கு எதுவும் தெரியாது. கடிதம் எழுதியவர் ஆயிரத்தை வாங்கிப் பையனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினார். ஓட்டை வேறொருவருக்குப் போட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, காலையில் மலையேறிக்கொண்டிருந்த கணவரைக் கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து இறங்கிய வேன் ஒன்று உரசித் தள்ளியது. கால் எலும்பு முறிந்து உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மாமியார் அழுத அழுகையைப் பார்த்து இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். மாமியார் பரிகாரம் கேட்கக் கோயில் பூசாரியிடம் போனார். விஷயம் ஊருக்குத் தெரிந்துபோனது. இப்போது கமிட்டியில் பத்தாயிரத்து ஒரு ரூபாய் தண்டம் கேட்கிறார்கள். கோயில் வாசலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் முனியப்பனுக்கு முன்னால் காசு வெட்டிப் போட்டுவிடுவோம் என்கிறார்கள், அதாவது நாணயத்தை வெட்டிப் போட்டு இவர்களைத் தண்டிக்கும்படி சாமியிடம் முறையிடுவார்களாம். ஆடிப் பண்டிகைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரியையும் இந்த வீட்டில் வாங்கவில்லை.

கணவர் தீவிர பகுத்தறிவாளர். 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய சேலம் மாநாட்டுக்கு அவருடைய தாத்தா போனவராம். "கோடி கோடியா அடிச்சவனை எந்தச் சாமியும் கேக்கலை, ஆயிரம் ரூபாய்க்கு நம்ம வீட்டைத் தேடி வந்துச்சா?" என்று கட்டிலில் படுத்தபடியே அம்மாவிடம் சண்டை போடுகிறார். ஆனால் காசு வாங்கியதையும் அவரால் பொறுக்க முடியவில்லை. அம்மாவையே கூட்டிப்போய்க் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வைப்பேன் என்று நிற்கிறார். "நான் செய்தது பாவமா, குற்றமா, இரண்டுமா?" என்று முடிகிறது கடிதம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல். ஆத்தா தண்டித்தாளா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, அந்தக் கமிட்டிக்கும் இல்லை. உங்கள் அத்தையின் நம்பிக்கையைக் கேலி செய்யவும் மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிகிறதா? அத்தை விபத்தைக் காட்டி, "சாமி தண்டித்தது" என்கிறார். உங்கள் கணவர் 1971-ஐக் காட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது, அதையே எதிர்த்தரப்பு தேர்தல் பிரச்சாரம் ஆக்கியது, கடைசியில் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. அதனால் சாமி இல்லை என்கிறார் அவர். நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதைத் தீர்ப்பாகப் படிப்பதுதான் இரண்டு பேரும் செய்வது. ஜெயித்தவருக்கெல்லாம் தெய்வம் துணை நின்றது என்றும் சொல்ல முடியாது, அடிபட்டவரெல்லாம் பாவி என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கு ஊரில் காசு வாங்கிக்கொண்டு ஓட்டை மாற்றிப் போட்டது உங்கள் வீடு மட்டும்தானா என்று அத்தையை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் நிதானமாக, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

அந்தச் சத்தியம் உங்களைக் கட்டுமா?

கட்டாது. ஒரு ஒப்பந்தத்தின் நோக்கம் சட்டவிரோதமாகவோ பொதுநலனுக்கு எதிராகவோ இருந்தால் அது செல்லாது என்கிறது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு. ஓட்டை விற்கும் ஒப்பந்தம் அதற்கு நல்ல உதாரணம். கற்பூரம் ஏற்றியதால் செல்லாதது செல்லுபடியாகிவிடாது. மேலும், அத்தை உங்களுக்காகச் சத்தியம் செய்யவே முடியாது. உங்கள் ஓட்டு உங்களுடையது. மாமியார், கணவர், யாரும் அதை அடகு வைக்க முடியாது.

இதில் உங்கள் அத்தைக்குச் சொல்ல ஒரு பழைய கதை உண்டு. 1873-ஆம் வருடத்துச் சத்தியப் பிரமாணச் சட்டத்தில், வழக்காடும் ஒருவர், "எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்து சொன்னால் நான் கட்டுப்படுகிறேன்" என்று கோர்ட்டிலேயே ஒப்புக்கொள்ள வழி இருந்தது. கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்து வழக்கு முடிந்ததெல்லாம் உண்டு. 1969-ல் வந்த புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. இப்போது சாட்சி சொல்கிறவர் கடவுள் பெயராலும் சொல்லலாம், உளமார உறுதி கூறுகிறேன் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. எம்.எல்.ஏ. பதவியேற்கும்போதும் அப்படித்தான். ஓட்டுப் போடும் உங்களிடம் மட்டும் கற்பூரம் கேட்டிருக்கிறார்கள்.

குற்றம் எது: வாங்கியதா, மாற்றிப் போட்டதா?

இந்த இடத்தில் உங்களை வருத்தப்பட வைக்கப் போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஓட்டை மாற்றிப் போட்டது குற்றமே இல்லை. வாங்கியதுதான் குற்றம்.

"காசு நம்ம காசுதான், வாங்கிக்கோ, ஓட்டை மாத்திப் போடு" என்று மேடையில் பேசுகிறவர்களும் உண்டு, டீக்கடையில் பேசுகிறவர்களும் உண்டு. நீங்களும் அதை நம்பித்தான் ஆயிரத்தை வாங்கியிருக்கிறீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 170-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஓட்டுக்காகக் கொடுப்பவரும் குற்றவாளி, தனக்காகவோ பிறருக்காகவோ வாங்குபவரும் குற்றவாளி. 173-வது பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கிய பிறகு யாருக்குப் போட்டீர்கள் என்பது கேள்வியே இல்லை.

இதே குழப்பம் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. 1993-ல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது எம்.பி.க்கள் காசு வாங்கியதாக ஒரு வழக்கு. 1998-ல் வந்த தீர்ப்பின்படி, காசு வாங்கிக்கொண்டு சொன்னபடி ஓட்டுப் போட்டவர்களுக்கு நாடாளுமன்றப் பாதுகாப்பு உண்டு. வாங்கிவிட்டு ஓட்டே போடாமல் இருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை! சொன்ன சொல்லைக் காப்பாற்றிய லஞ்சக்காரர் தப்பித்தார், காப்பாற்றாதவர் மாட்டினார். உங்கள் ஊர்க் கமிட்டியின் நியாயமும் கிட்டத்தட்ட இதுதான். 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. கையில் வாங்கிய உடனேயே லஞ்சக் குற்றம் முடிந்துவிடுகிறது, அப்புறம் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பொருட்டல்ல என்றது. அது மக்கள் பிரதிநிதிகளைப் பற்றிய வழக்குதான். ஆனாலும் உங்கள் மனதில் இருக்கும் முடிச்சுக்கு அது பொருந்தும். உங்களுக்கு உறுத்த வேண்டியது அந்த ஆயிரம். நீங்கள் சுதந்திரமாகப் போட்ட ஓட்டுக்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி: பணப் பட்டுவாடா காரணமாக நம் மாநிலத்திலேயே தேர்தல்கள் ரத்தாகியிருக்கின்றன.

நான் யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடிப்பார்களா?

முடியாது. தேர்தல் முடிந்தபின் பூத் வாரியாக எண்ணிக்கை வெளியாகிறது; எந்தத் தெருப்பக்கம் ஓட்டு குறைந்தது என்று கட்சிக்காரர்கள் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான். எந்த வீடு, எந்த ஆள் என்று அதில் தெரியாது. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கோர்ட்டில்கூட உங்களைச் சொல்ல வைக்க முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-வது பிரிவு அது. உங்கள் விஷயம் வெளியே வந்தது உங்கள் வாயாலும் அத்தை வாயாலும்தான். இனி யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ஆத்தா பேரைச் சொல்லி மிரட்டியது

உங்கள் கணவருக்கு இந்தப் பகுதி பிடிக்கும். அத்தைக்கும் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நம் தேர்தல் சட்டம் சாமியைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 123(2): ஒரு வாக்காளரையோ அவருக்கு வேண்டியவரையோ தெய்வக் கோபத்துக்கு ஆளாவார் என்று நம்ப வைத்தால், அல்லது நம்ப வைக்க முயன்றால், அது தகாத செல்வாக்கு. வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ, அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ செய்தால் அந்தத் தேர்தலே செல்லாமல் போகலாம். பாரதிய நியாய சம்ஹிதாவின் 171-வது பிரிவும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் இதைக் குற்றமாக்குகிறது. 174-ல் தண்டனை ஒரு வருடம் வரை. "ஆத்தா சும்மா விடமாட்டா" என்று படியில் நின்று சொன்னாரே, அந்த ஒரு வாக்கியம் இதற்குள் வரும்.

இப்போது காசு வெட்டிப் போடுவோம் என்கிறார்களே, அதற்கு அதே சம்ஹிதாவில் தனிப் பிரிவு இருக்கிறது: 354. நீங்கள் சட்டப்படி செய்யத் தேவையில்லாத ஒன்றை, இங்கே தண்டம் கட்டுவதை, தன் செயலால் உங்கள் மேல் தெய்வக் கோபம் வரும் என்று நம்ப வைத்துச் செய்விப்பது, அல்லது செய்விக்க முயல்வது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 508. அடுத்தவர் வீட்டு வாசலில் தர்ணா உட்கார்ந்து, அதனால் அந்த வீட்டுக்காரர் மேல் தெய்வக் கோபம் வரும் என்று நம்ப வைப்பதை அதற்கு உதாரணமாகப் போட்டிருந்தார்கள். 1860-லேயே இந்த ஊர் வழக்கங்கள் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தன் மனக்குறையைச் சாமியிடம் சொல்லி முறையிடுவது அவருடைய வழிபாடு. அதில் யாரும் தலையிட முடியாது. பத்தாயிரத்து ஒன்று கொடு, இல்லாவிட்டால் வெட்டிப் போடுவேன் என்றால் அது வசூல். அத்தையிடம் இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஆத்தாளை நம்புகிறவர், ஆத்தாள் பேரில் ஒரு கட்சிக்காரர் ஓட்டு வசூல் செய்வதை எப்படி ஒத்துக்கொள்ளலாம்? பக்தி உள்ளவர்தான் முதலில் கோபப்பட வேண்டும்.

என்ன செய்யலாம்

தண்டம் கட்டாதீர்கள். கோயில் வாசலில் விழுந்து ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். காசு வாங்கினோம் என்று பத்துப் பேர் முன்னால் சொல்வது நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி. அத்தை தன் மன நிம்மதிக்காக ஆயிரமோ நாலாயிரமோ உண்டியலில் போட விரும்பினால் போடட்டும், தடுக்காதீர்கள். சட்டத்தில் அதனால் வாங்கியது வாங்காததாகிவிடாது. ஆனால் அவர் ராத்திரி தூங்குவார்.

உங்கள் கணவரின் மனு யோசனையில் இரண்டு சிக்கல். தேர்தல் முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட வேண்டும். அந்த நாள் எப்போதோ போய்விட்டது. குற்ற வழக்குக்கு ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் இவை நடுவர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றங்கள் அல்ல. அதைவிட முக்கியம், கொடுத்தவரைப் பிடிக்கப் போய் முதலில் மாட்டுவது வாங்கிய அம்மாதான். எழுபது வயதில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித்தான் கொள்கையைக் காப்பாற்ற வேண்டுமா என்று கணவரைக் கேளுங்கள். அவருடைய கோபம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு சொல்கிறது. மனச்சான்றுப்படி வழிபடும் உரிமையை அதே சாசனத்தின் 25-வது பிரிவு அம்மாவுக்குத் தருகிறது. கோட்டை மாரியம்மனுக்கு ஆடிப் பண்டிகை எடுக்கிற சேலமும் கறுப்புச் சட்டைக்காரர்கள் மாநாடு நடத்திய சேலமும் ஒரே ஊர்தானே. அடுத்த தேர்தலில் கவரோடு யாராவது வந்தால் போனில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நூறு நிமிடத்தில் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. கோபத்தை அங்கே காட்டலாம்.

தலைக்கட்டு வரிக்கும் மிரட்டலுக்கும் வேறு வழி இருக்கிறது. ஓட்டு, காசு என்ற பேச்சையே எடுக்காமல், "கோயில் பண்டிகையில் எங்கள் வீட்டை ஒதுக்குகிறார்கள், பணம் கேட்டு மிரட்டுகிறார்கள்" என்று மட்டும் தாசில்தாருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுங்கள். பெரும்பாலும் இரு தரப்பையும் கூப்பிட்டு அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவார்கள்; ஊர்க்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். தண்டம் கேட்டு வந்த போன் அழைப்பு, வாட்ஸ்அப் ஆடியோ எது இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். எதிர்த்தரப்பு ஓட்டுப் பேச்சை இழுத்தால் பதில் சொல்லாமல் வக்கீலிடம் வாருங்கள்.

அந்த வேன்

கடிதம் முழுக்கப் பாவத்தைப் பற்றி எழுதிவிட்டு, வேனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். அது 2017-ஆம் வருடத்து ஓட்டுநர் விதி. உங்கள் கணவர் ஏறிக்கொண்டிருந்தார். வேன் இறங்கியது. நீங்கள் எல்லோரும் யார் பாவம் என்று தேடிக்கொண்டிருந்த நாலு மாதத்தில் வேன் டிரைவரைப் பற்றி யாருமே பேசவில்லை.

விபத்து இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில் முதல் எல்லா பில்லும், அவருடைய டிரைவிங் லைசென்ஸ், வண்டியின் ஆர்.சி., விடுதி கொடுத்த சம்பளச் சீட்டு. இவற்றை ஒரு கவரில் போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம் என்பதால் சேலத்திலேயே முடியும். வக்கீல் பீஸுக்குப் பயந்தால், அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். போகும்போது அத்தையையும் கூட்டிப் போங்கள். ஆஸ்பத்திரியில் எந்த நாள் என்ன செலவானது என்பது உங்களைவிட அவருக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும்.